வண்டியில் மறந்துபோன துப்பாக்கி

கெட்டில் ஃபோர்க், பென்சில்வேனியா
டிசம்பர், சனிக்கிழமை காலை

அன்பு மகள் ஜனெலுக்கு,

கர்த்தர் கிருபையால் நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. இந்தக் கடிதத்தை வியாழக்கிழமையே ஆரம்பித்தேன். இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்து போய் அடுப்பில் விறகு போடுவேன், ஜன்னல் வழியாக அப்பா கொட்டகையில் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பேன், திரும்பி வந்து உட்கார்ந்தால் எழுதியது பிடிக்காமல் கிழித்துப் போடுவேன். போனில் சொன்னால் என்ன என்பாய். போனில் பேசினால் பாதியில் நீ அழுகிறாய், மீதியில் நான் கத்துகிறேன், கடைசியில் யாருக்கும் ஒன்றும் விளங்குவதில்லை. அதுவும் அவர் பக்கத்து அறையில் இருக்கும்போது நான் என்னவென்று பேசுவது. எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, அது ஒரு வசதி.

வில்மா அத்தைக்கு இடுப்பு வலி கொஞ்சம் தேவலை. டாக்டர் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் செய்கிறாள், அண்ணனும் தங்கையும் அதில் ஒரே அச்சு. பனி இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது, பின்வாசல் படியில் நான் ஒருமுறை வழுக்கி விழப் பார்த்தேன், விழவில்லை, உடனே படபடக்காதே. சர்ச் விருந்துக்கு இந்தத் தடவையும் என்னையே கோழிக்கறியும் மாவுத் துண்டமும் செய்யச் சொன்னார்கள். செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பாத்திரத்தை மட்டும் கொடுத்தனுப்பினேன். அந்த அறையில் எல்லாரும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார்களே, அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

நீயும் அப்பாவும் பேசிக்கொண்டு இரண்டு தாங்க்ஸ்கிவிங் விருந்து ஆகிறது. நடுவில் தபால்காரி மாதிரி நான். அன்றைக்கு மேசையில் நீ உன் ஆஸ்பத்திரியில் பார்த்த அந்தப் பையனைப் பற்றிச் சொன்னாய், வீட்டில் பூட்டாமல் கிடந்த துப்பாக்கியை எடுத்து விளையாடினானே, அவனை. அப்பா கறி வெட்டிக்கொண்டே, காரில் அடிபட்டும்தான் குழந்தைகள் சாகிறது, அதற்காகக் காரைப் பிடுங்குகிறார்களா என்றார். நீ தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாய். பிறகு நீ கலிபோர்னியாவில் துப்பாக்கிக்கு எதிரான பதாகை பிடித்துக்கொண்டு நிற்கிற படம் இங்கே ஒவ்வொரு போனாகச் சுற்றி வந்தது. இரண்டு பேரையும் நான் குறை சொல்வேன், கேட்டுக்கொள். உங்களுக்கெல்லாம் எதற்கம்மா துப்பாக்கி என்று நீ கேட்கிறாய். நம் வீட்டுக் கொல்லையில் கரடி வந்து தீவனக் கொட்டகையைப் பிய்த்துப் போட்டபோது ஷெரீஃப் ஆபீசிலிருந்து ஆள் வந்து சேர்வதற்குள் நான் ரொட்டி சுட்டு முடித்திருந்தேன். அது உனக்குப் புரியவில்லை. இவருக்கோ, பூட்டி வை என்று யாராவது சொன்னால் போதும், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். இத்தனைக்கும் தினமும் ஒழுங்காகப் பூட்டி வைக்கிற மனிதர். யாரும் வந்து சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மான் வேட்டைக் காலத்தின் இரண்டாவது வாரம். முதல் திங்கட்கிழமைக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுவதும், அதன் பிறகு பாதி ஊர் விடியுமுன் காட்டில் உட்கார்ந்துவிட்டு அப்படியே வேலைக்குப் போவதும் உனக்குத் தெரியாததில்லை. அப்பாவும் போவார். திரும்பி வீட்டுக்கு வருவார், தோட்டாவைக் கழற்றுவார், துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டுவார், ஒரு வாய் காபி குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலைக்குக் கிளம்புவார். நான் கல்யாணம் செய்த நாள் முதல் இது மாறியதில்லை. அந்தப் புதன்கிழமை நம் வண்டி பட்டறையில் இருந்தது, வில்மா அத்தையின் பிக்கப் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தார். நம் வண்டியில் என்றால் துப்பாக்கி பின் கண்ணாடியை ஒட்டிய தாங்கியில் இருக்கும், ஏறினாலும் இறங்கினாலும் கண்ணில் படும். அவள் வண்டியில் அது கிடையாது. சீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்து மேலே பழைய கோட்டைப் போட்டிருக்கிறார். காட்டிலிருந்து இறங்கும்போதே தலைமையாசிரியை மிஸஸ் பிரூயிட் போன் செய்திருக்கிறாள். கட்டடத்துக்குச் சூடு தருகிற பாய்லர் நின்றுவிட்டது, குழந்தைகள் வகுப்பில் கையுறையோடு உட்கார்ந்திருக்கிறார்கள், மெர்ல், உடனே வாருங்கள் என்று. இவர் வீட்டுக்கு வராமல் நேரே போய்விட்டார். காபியும் இல்லை, அலமாரியும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு காவலாளி போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரன், இந்த ஊரில் யார் வண்டி எது என்று தெரியாது. வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி வந்தவன், சரிந்த கோட்டுக்குக் கீழே துப்பாக்கியின் கட்டையைப் பார்த்திருக்கிறான். தெரியாத வண்டி, உள்ளே துப்பாக்கி, ஆள் எங்கே என்று தெரியவில்லை. அவன் என்ன செய்வான் பாவம், சொல்லிக் கொடுத்ததைச் செய்தான். கதவுகளைப் பூட்டு, விளக்கை அணை என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு. எங்கள் எல்லாருக்கும் போனில் செய்தி வந்தது. அதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் இருந்ததை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வண்டியில் ஏறிப் போனேன். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே ஊரே நின்றது. எல்லார் கண்ணும் அந்தக் கதவு மேல்தான். ஜனெல், நீ தினமும் பார்க்கிற முகங்கள் இவைதான் என்று அங்கே நிற்கும்போது நினைத்தேன். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

உள்ளே அப்பா பாய்லரைப் பற்றவைத்துவிட்டு அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் கை கழுவப் போன இடத்தில் மாட்டிக்கொண்டு, வகுப்புக் கதவு பூட்டிவிட்டதால் நடைபாதையில் நின்றிருக்கிறார்கள். அவர்களை அள்ளிக்கொண்டு மறுபடி பாய்லர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, பெரிய ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருக்கிறார். அந்த அறையில் போன் எடுக்காது, அறிவிப்பும் சரியாகக் கேட்காது. யார் வந்திருக்கிறான், எத்தனை பேர், ஒன்றும் தெரியாது. சர்ச்சுக்குப் பின்னால் குடியிருக்கிற டெஸ்ஸா என்கிற வாண்டு இவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். ஒரு பையன் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டான். இவர் தன் சட்டையைக் கழற்றி அவனுக்குச் சுற்றிவிட்டிருக்கிறார்.

போலீஸ் வந்து அறை அறையாகப் பார்த்துத் திறந்துவிட்டார்கள். பனியில் வெறும் பனியனோடு உன் அப்பா அந்தப் பிள்ளைகளைக் கோழிக்குஞ்சு மாதிரி சேர்த்துக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வேலியோரம் நின்ற ஜனம் கைதட்டியது. டெஸ்ஸாவின் அம்மா ஓடிப் போய் இவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், தோளை விடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பொய் சொல்வானேன். அப்போது ஷெரீஃபின் ஆள் பக்கத்தில் வந்து, மெர்ல், அந்தச் சிவப்பு பிக்கப் யாருடையது என்று தெரியுமா, உள்ளே தோட்டாவோடு ஒரு துப்பாக்கி இருக்கிறது என்றான். இவர் திரும்பி வண்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் இன்னும் இவர் தோளில்தான் சாய்ந்திருந்தாள். அவளை மெதுவாக விலக்கிவிட்டு, "அது என்னுது" என்றார். அவ்வளவுதான். யாருக்கும் முதலில் புரியவில்லை, எனக்கும்தான்.

அன்று சாயங்காலம் பெயர் வெளியே வருவதற்கு முன்னால் நீ இணையத்தில் எழுதிப் போட்டாயே, நான் படித்த பள்ளிக்கூடம் இது, இவ்வளவு பொறுப்பில்லாத ஒருவனைக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குள் விடலாமா என்று. யாரென்று தெரியாமல் எழுதினாய், தெரிந்ததும் எடுத்துவிட்டாய், எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் இந்த ஊரில் சிலருக்கு வேறு வேலை என்ன. வேட்டைக் கழகத் தலைவன் டுவைட்டின் மனைவி அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பாரு கிளெண்டா, பெற்ற மகளே எப்படி எழுதியிருக்கிறாள் என்று பரிதாபப்படுகிற மாதிரி காட்டினாள். அப்பா பின்னால்தான் நின்றார். படித்தார். கொட்டகைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, நான் உன்னைத் திட்டிக்கொண்டே பாத்திரம் தேய்க்கும்போது, "அவ சரியாத்தான் எழுதியிருக்கா, விடு" என்றார். அதற்கு நீ சந்தோஷப்படாதே. அவர் அதைச் சொன்ன விதத்தில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை.

டுவைட்டை உனக்குத் தெரியும், வாய் ஒருமுறை திறந்தால் மூடத் தெரியாதவன். மறுநாளே வந்துவிட்டான். தலைநகரிலிருந்து ஒரு வக்கீலைக் கூட்டி வந்தான், காசு வாங்காத வக்கீல். இது உன் தப்பே இல்லை மெர்ல், பள்ளிக்கூட எல்லைக்குள் துப்பாக்கி கூடாது என்று சட்டம் போட்டார்களே, அவர்கள் தப்பு, நம் அப்பன்மார்கள் பள்ளிக்கூட வாசலிலேயே துப்பாக்கி வண்டியை நிறுத்தினார்கள், எவனாவது கேட்டானா, நீ கூட்டத்தில் எழுந்து அதைச் சொல், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றான். வக்கீலும் பொறுமையாக விளக்கினார். தப்பு என்று வாயைத் திறந்து ஒத்துக்கொண்டால் வேலை போகும், ஓய்வூதியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது போகும். கோர்ட்டிலும் அதுவே சாட்சியாகும், தண்டனை ஆனால் இனி உயிருள்ளவரை துப்பாக்கியைத் தொட முடியாது என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, அவர் சொல்கிறபடி கேளுங்கள் என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். எனக்கு என் மனிதர் வீட்டில் முழுசாக இருந்தால் போதும். அதற்கு எந்தச் சட்டத்தின் மேல் பழி விழுந்தால் எனக்கென்ன.

பள்ளிக்கூட நிர்வாகக் குழுவின் கூட்டம் போன செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. டுவைட் சொல்லி வைத்ததால் ஒரு பக்கம் முழுக்க வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுத் தொப்பி. இன்னொரு பக்கம் தாய்மார்கள் சிவப்புச் சட்டையில், எங்கிருந்தோ பஸ்ஸில் வந்தவர்களும் கூட இருந்தார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி ஊளையிட்டது. ஒருவன் எழுந்து எங்கள் உரிமை என்பான், ஒருத்தி எழுந்து எங்கள் குழந்தை என்பாள். நடுவில் என் புருஷன் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியை மடியில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை எல்லாரும் சொன்னார்கள், அவரை ஒருவரும் பார்க்கவில்லை. அவரைக் கூப்பிட்டபோது வக்கீல் எழுதிக் கொடுத்ததைப் பையிலிருந்து எடுத்தார், கண்ணாடியைத் தேடினார், பிறகு இரண்டையும் விட்டுவிட்டார்.

அவர் பேசியதை நான் மறக்க முடியாது. "இருட்டுல அந்தச் சின்னப் புள்ள என்னைக் கேட்டுச்சு, வெளிய இருக்கிறவன் கெட்டவனா தாத்தான்னு. ஆமா கண்ணு, கெட்டவன்தான், ஆனா நான் இருக்கேன்ல, உள்ள விடமாட்டேன்னு சொன்னேன். அவன் யாருன்னு இப்ப உங்க எல்லாருக்கும் தெரியும்." தண்ணீர் குடித்தார். "சட்டம் என்னை மறக்கச் சொல்லல. நானா மறந்தேன்" என்றார்.

சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி எழுந்து கைதட்டினாள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது, பழைய மெர்ல் வந்துவிட்டார். தட்டாதீங்கம்மா, என் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறது என்று யாரும் வந்து எண்ண நான் இன்னமும் விடமாட்டேன், உங்கள் பக்கம் நான் வரவில்லை என்றார். ஆரஞ்சுத் தொப்பிகள் சிரித்தன. டுவைட்டைப் பார்த்து, உன் பக்கமும் இல்லடா என்றார். பள்ளிக்கூடச் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றிக் குழுவின் மேசையில் வைத்துவிட்டு நடந்தார். வக்கீல் பையை மூடினார். தொப்பி நாற்காலிக்கு அடியில் விழுந்து கிடந்தது, நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். குழு அப்புறம் என்னமோ தீர்மானம் போட்டதாம், வேலை போனது போனதுதான். கோர்ட் விசாரணை அடுத்த மாதம்.

நீ முதலில் என்ன கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் துப்பாக்கி இல்லை. போலீஸ் எடுத்தது போக மீதி அலமாரியில் இருந்ததை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை, அவர் இருக்கிற இருப்பு அப்படி. வெட்கத்தை விட்டு டுவைட்டுக்குப் போன் செய்தேன். கொஞ்ச நாள் நீ வைத்திரு, அவர் தேறட்டும் என்றேன். கூட்டத்தில் அப்படி அவமானப்பட்டவன், திட்டுவான் என்று நினைத்தேன். போனை வைத்த கையோடு வந்துவிட்டான். ஒரு வார்த்தை அரசியல் பேசவில்லை. அப்பாவும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, அவரே அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். டுவைட் போகும்போது, மான் கறி கொண்டு வந்து தருகிறேன் என்றான். இவர் தலையை ஆட்டினார். இதை நீ உன் மேடையில் சொன்னால் யாருக்காவது பிரயோஜனப்படும் என்று நினைக்கிறேன், பெயரைச் சொல்லாதே.

இப்போது அவர் நாள் முழுக்கக் கொட்டகையில் இருக்கிறார். ஏதாவது செய்கிறாரா என்றால் இல்லை. சுத்தியலை இந்த ஆணியிலிருந்து அந்த ஆணிக்கு மாற்றி மாட்டுகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், தட்டைப் பார்க்கிறார். நேற்று கட்டாயப்படுத்தி மளிகைக் கடைக்குக் கூட்டிப் போனேன். மாவு இருக்கிற வரிசையில் டெஸ்ஸா அவள் அம்மாவோடு நின்றது. இவரைப் பார்த்ததும் அந்தக் குட்டி சிரித்துக்கொண்டு கையைத் தூக்கி ஆட்டியது, மெர்ல் தாத்தா என்று கூப்பிட்டது. அவள் அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். இவர் நாய்த்தீவன மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஆறடி மனிதர். அவர்கள் காசு கொடுத்துவிட்டுப் போகும்வரை அங்கேயே நின்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் பாலம் தாண்டியதும், அந்த வயசில் நடந்தது பெரியவளானபின் நினைவிருக்குமா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். கொஞ்ச தூரம் போனபின், "ஜனெலுக்குத் தெரியும்" என்றார். அவர் வாயால் உன் பெயரைக் கேட்டு எவ்வளவு காலமாகிறது, எனக்கு வண்டியிலேயே அழுகை வந்துவிட்டது. கேளுங்களேன், போன் செய்து கேளுங்களேன் என்றேன். கண்ணாடியைத் துடைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் முடிக்கிறேன். நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீ சொன்னதுதான் நடந்தது என்றும் சொல்ல வேண்டாம், அது அவருக்கே தெரியும். சட்டம், கூட்டம், டுவைட் எதையும் எடுக்காதே. அப்படிப்பட்ட குழந்தைகளைத் தினமும் கையில் தூக்குகிறவள் நீ. டெஸ்ஸா இதை மறந்துவிடுமா என்பதை மட்டும் அவருக்குச் சொல். மறந்துவிடும் என்றால் அதைச் சொல். மறக்காது என்றால் அதையும் சொல். நான் ஆறுதலுக்கு எதையாவது சொன்னால் அவர் நம்பமாட்டார். நீ அவரிடம் ஒருநாளும் இனிப்பாகப் பேசியதில்லை, அதனால் உன்னை நம்புவார்.

நாளைக்குச் சர்ச் முடிந்ததும் நான் வில்மா வீட்டுக்குப் போகிறேன், சாயங்காலம்தான் திரும்புவேன், இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். கடிதம் உன் கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுப் போனுக்கு அடி. என் கைபேசிக்கு அல்ல. மணி அடித்தால் எடுக்க வேறு ஆள் கிடையாது. முதலில் எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். நீ வைத்துவிடாதே.

பேரனுக்கு என் முத்தங்கள், மாப்பிள்ளைக்கு அன்பு. ராத்திரி வேலை முடிந்து வரும்போது காரை மெதுவாக ஓட்டு, சாப்பிடாமல் படுக்காதே. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக, அந்தக் கைகளுக்கு வேலை குறையட்டும்.

உன் அம்மா
கிளெண்டா